மேக் அண்ட் சீஸ் செய்றது எப்படி, அது யாரோட கைப்பக்குவம்னு தேடிக்கிட்டே

மேக் அண்ட் சீஸ், அதாவது குழாய் மாதிரி இருக்கிற மாக்கரோனி பாஸ்தாவைச் சீஸோட சேர்த்துப் பண்ற சாப்பாடு, அதை யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டா அமெரிக்கால நிறைய பேர் யோசிக்காம சொல்ற பேரு தாமஸ் ஜெஃபர்சன். பிரான்ஸ்ல தூதரா இருந்தப்ப சாப்பிட்டாரு, பிடிச்சுப் போச்சு, ஊருக்குக் கொண்டு வந்தாரு, ஜனாதிபதி ஆனதும் விருந்துல பரிமாறினாரு, அதுலேர்ந்து நாடு பூரா பரவிடுச்சு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா இந்தக் கதை நிக்க மாட்டேங்குது. அதுக்காக அவர் பேரை அடிச்சுட்டு அங்க இன்னொருத்தர் பேரை எழுதிடலாம்னு பாத்தா அதுவும் முடியாது. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், வர்ஜீனியான்னு பல அடுப்புல பல கை மாறி வந்த சாப்பாடு இது, அந்தக் கைகள்ல பாதிப் பேருக்கு மேல பேரே எழுதி வைக்கல.

ஆனா ஒண்ணு, பேரு இல்லாட்டியும் செய்முறை இருக்கு. இன்னைக்கு நாம பண்ற ஸ்டெப் ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு பழைய சமையல் குறிப்புல அப்படியே கிடக்கு. அதனால வரலாறு தனி, ரெசிபி தனின்னு பிரிக்காம சேர்த்தே சொல்றேன், ஏன் இந்த ஸ்டெப்னு தெரிஞ்சிருந்தா சாஸ் சொதப்பும்போது எங்க சொதப்புச்சுன்னும் தெரியும்.

முதல்ல மாக்கரோனி

பாஸ்தாவும் சீஸும் வெண்ணெயும் சேர்ற ஐடியா ரொம்பப் பழசு. 1390 வாக்குல இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ரிச்சர்டோட சமையல்காரங்க தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ல ஒரு குறிப்பு இருக்கு: மாவை மெல்லிசா தட்டி, துண்டு துண்டா வெட்டி, கொதிக்கிற தண்ணில போட்டு நல்லா வேக விடு, சீஸைத் துருவி வெண்ணெயோட சேர்த்து அடியிலயும் மேலயும் போடு, பரிமாறு. முடிஞ்சுது. அதுக்கும் முன்னாடி, நேப்பிள்ஸ் பக்கம் எழுதினதுன்னு பொதுவா சொல்ற ‘லீபர் டி கொக்கீனா’ங்கிற லத்தீன் புத்தகத்துலயும் இதே மாதிரி, சதுரமா வெட்டி வேகவச்ச பாஸ்தா மேல துருவின சீஸ் போட்டு, கூரான மரக்குச்சியால குத்திச் சாப்பிடுன்னு எழுதிருக்கு. ரெண்டுலயும் பாலும் இல்ல சாஸும் இல்ல, அவன்ல வச்சு பேக் பண்றதும் இல்ல. அப்போ இதை மேக் அண்ட் சீஸோட பிறந்த இடம்னு சொல்லலாமான்னா, நான் சொல்ல மாட்டேன், இது கொள்ளுத்தாத்தா முறை, அவ்வளவுதான்.

வேக வைக்கிறது எளிசுதான், ஆனா இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. 250 கிராம் எல்போ மாக்கரோனிக்கு (வளைஞ்ச குட்டிக் குழாய் மாதிரி இருக்குமே, அது) ரெண்டரை லிட்டர் தண்ணி, ஒன்றரை டேபிள்ஸ்பூன் உப்பு. தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம்தான் போடணும். பாக்கெட்ல எட்டு நிமிஷம்னு போட்டிருந்தா ஆறுலயே எடுங்க, ஏன்னா இது அப்புறம் சாஸ்ல ஒரு தடவை, அவன்ல ஒரு தடவைன்னு மறுபடியும் வேகப் போகுது. ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க, நடுவுல ஊசி முனை அளவு வெள்ளையா இன்னும் வேகாத இடம் தெரியணும், அதான் பதம். வடிச்சப்புறம் பச்சத் தண்ணில அலசாதீங்க, மேல இருக்கிற மாவுச்சத்துதான் சாஸைப் பிடிச்சு வைக்கும். வடிச்ச தண்ணில ஒரு கப் எடுத்து ஓரமா வச்சிடுங்க, அது கடைசில உயிர் காக்கும்.

சாஸ், இதான் விஷயமே

1769ல இங்கிலாந்துல எலிசபெத் ராஃபால்ட்னு ஒரு அம்மா ஒரு சமையல் புத்தகம் போட்டாங்க. பெரிய வீடுகள்ல ஹவுஸ்கீப்பரா வேலை பாத்து, அப்புறம் மான்செஸ்டர்ல சொந்தமா கடை நடத்தினவங்க. அந்தப் புத்தகத்துல பார்மேசான் சீஸோட மாக்கரோனி பண்றதுக்கு ஒரு குறிப்பு. நாலு அவுன்ஸ் மாக்கரோனியை மெத்துன்னு வேகவச்சு சல்லடைல வடிச்சு, கால் பைன்ட் நல்ல க்ரீமும் மாவுல புரட்டின ஒரு உருண்டை வெண்ணெயும் போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, தட்டுல ஊத்தி, மேல பூரா பார்மேசானை வாட்டிப் போட்டு, சுடுதண்ணி ஊத்தின தட்டு மேல வச்சு அனுப்பணும், சீக்கிரம் ஆறிடும்னு முடிச்சிருக்காங்க. வெண்ணெய், மாவு, பால் சமாச்சாரம், கொதி, சீஸ். நாம இன்னைக்குப் பண்ற சாஸோட எலும்புக்கூடு முழுசா இதுல இருக்கு. ஜெஃபர்சன் பாரிஸுக்குக் கப்பல் ஏறினது 1784ல. அதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே இது அச்சுல வந்தாச்சு. கண்டுபிடிப்புக் கதை விழுறதுக்கு இந்த ஒரு பக்கமே போதும்னு நினைக்கிறேன்.

இப்போ நம்ம அளவு. 250 கிராம் மாக்கரோனிக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 30 கிராம், கொழுப்பு எடுக்காத பால் 600 மில்லி, சீஸ் 300 கிராம். சீஸ்ல 200 கிராம் ஷார்ப் செடார், மீதி 100 கிராம் நல்லா உருகுற வகை ஏதாவது, மான்டரே ஜாக் இல்லன்னா க்ரூயேர். கடுகுப் பொடி அரை டீஸ்பூன், கயென் மிளகாப்பொடி ஒரு சிட்டிகை, ஜாதிக்காய் ரெண்டு இழுப்பு துருவினா போதும். கடுகுப் பொடியை விட்டுடாதீங்க, தனியா அது இருக்கிறதே தெரியாது, ஆனா சீஸ் ருசியைத் தூக்கிக் குடுக்கும்.

பாக்கெட்ல துருவி விக்கிற சீஸ் வேண்டாம், கட்டியா வாங்கி நீங்களே துருவுங்க. பாக்கெட் சீஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கணும்னு உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவி வச்சிருப்பாங்க, அது உருகும்போது சாஸ் வழுவழுன்னு வராம நறநறன்னு நிக்கும். துருவினதை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த சில்லோட போடாம வெளிய கொஞ்ச நேரம் வச்சிருந்து போட்டா சீக்கிரம் கரையும்.

அடி கனமான பாத்திரம், மிதமான தீக்கும் கொஞ்சம் கம்மி. வெண்ணெய் உருகி நுரை அடங்கினதும் மைதாவைக் கொட்டி விஸ்க்கால கிண்டிக்கிட்டே இருங்க, முதல்ல ஈர மணல் மாதிரி திரளும், அப்புறம் இளகி ஓரத்துல சின்னச் சின்னக் குமிழியா வரும், ரெண்டு நிமிஷத்துல மாவோட பச்சை வாசனை போய் லேசா பிஸ்கட் வாசனை அடிக்கும். கலர் மாறக்கூடாது. பால்ல அரை கப் மட்டும் முதல்ல ஊத்தி விடாம கிண்டுங்க, ஒரே நொடில இறுகி களியா ஆயிடும், பயப்படாதீங்க, இன்னொரு அரை கப், மறுபடியும் கிண்டு, இப்போ இளகும், அதுக்கப்புறம் மீதிப் பாலை மெதுவா ஒரே தாரையா ஊத்திடலாம். எடுத்ததுமே மொத்தப் பாலையும் கொட்டினாதான் கட்டி தட்டும். இப்போ லேசா கொதி வந்ததும் அஞ்சு நிமிஷம், அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே. ராஃபால்ட் அம்மா சொன்ன அதே அஞ்சு நிமிஷம்தான், அந்த நேரத்துலதான் மாவுல இருக்கிற ஸ்டார்ச் தண்ணியை உறிஞ்சி முழுசா உப்பி சாஸைக் கெட்டியாக்கும், மாவு ருசியும் போகும். கரண்டியோட முதுகுல விரலால ஒரு கோடு இழுத்தா கோடு மூடாம அப்படியே நிக்கணும்.

அடுத்து அடுப்பை அணைச்சிடுங்க. கம்மி பண்றது பத்தாது, அணைக்கணும். ஒரு நிமிஷம் விட்டு, சீஸை ஒரு கைப்பிடி போட்டுக் கிண்டி, அது கரைஞ்சப்புறம் அடுத்த கைப்பிடி. சீஸ்ங்கிறது கேசீன்ங்கிற புரதம் வலையா பின்னி, கால்சியம் அந்த வலையை இறுக்கிப் பிடிச்சு, உள்ள கொழுப்பும் தண்ணியும் மாட்டிக்கிட்டு இருக்கிற ஒரு அமைப்பு. சூடு அதிகமானா வலை சுருங்கி இறுகி கொழுப்பைப் பிழிஞ்சு வெளிய தள்ளிடும், அதான் சாஸ் திரிஞ்சு மேல எண்ணெய் மிதக்குறது. மாவு அதுக்கு நடுவுல புகுந்து புரதத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாம பாத்துக்கும், ஆனா கொதிக்கிற சாஸ்ல சீஸைப் போட்டா மாவும் காப்பாத்தாது. ரொம்ப நாள் பழசான செடார்ல ருசி ஜாஸ்தி, ஈரம் கம்மி, அதனால அது இன்னும் சீக்கிரம் திரியும், அதுக்குத்தான் கூட நூறு கிராம் உருகுற சீஸ் சேர்க்கச் சொன்னேன்.

உப்பை இப்போ பாத்துப் போடுங்க, சீஸ்லயே நிறைய இருக்கு. மாக்கரோனியைக் கொட்டிக் கிளறுங்க. அப்படியே சாப்பிடப் போறீங்கன்னா சாஸ் கெட்டியா சுத்திப் பிடிக்கிற பதம் சரி. அவன்ல வைக்கப் போறீங்கன்னா, பாக்கும்போது ரொம்பத் தண்ணியா இருக்கேன்னு தோணுற அளவுக்கு இளக்கமா இருக்கணும், எடுத்து வச்ச பாஸ்தா தண்ணியை ஊத்தி இளக்கிக்கோங்க, பேக் ஆகும்போது மாக்கரோனி அதை எல்லாம் குடிச்சிடும். வெண்ணெய் தடவின ட்ரேல ஊத்தி, மேல இன்னொரு 50 கிராம் சீஸ், வெண்ணெய்ல புரட்டின ரொட்டித் தூள், 190 டிகிரி செல்சியஸ்ல இருபது நிமிஷம். ஓரமெல்லாம் கொதிச்சு மேல பொன்னிறமா வந்ததும் எடுத்து பத்து நிமிஷம் தொடாம விடுங்க.

ஜெஃபர்சன் வீட்டு அடுப்பு யார் கைல இருந்துச்சு

ஜெஃபர்சனுக்கு மாக்கரோனி மேல ஆசை இருந்தது நிஜம், அதை மறுக்க முடியாது. மாக்கரோனி பிழியற மெஷினை அவரே படமா வரைஞ்சு, இத்தாலில நல்ல மாக்கரோனி செமோலாங்கிற மாவுல பண்றாங்கன்னு குறிப்பு எழுதி வச்சிருக்கார், அந்தத் தாள் இன்னும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல பத்திரமா இருக்கு. அவரோட செக்ரட்டரி வில்லியம் ஷார்ட்கிட்ட சொல்லி 1789ல நேப்பிள்ஸ்லேர்ந்து மாக்கரோனி பிழியற அச்சு ஒண்ணும் வாங்க வச்சார். அவர் கையெழுத்துல ஒரு பாஸ்தா ரெசிபி கூட இருக்கு: ஆறு முட்டை, ரெண்டு ஒயின் கிளாஸ் பால், ரெண்டு பவுண்டு மாவு, கொஞ்சம் உப்பு. மாவைப் பிசைஞ்சு, பேப்பர் கனத்துக்குத் தேச்சு, வெட்டி, கையால உருட்டி நீளமாக்கி வேகவைக்கணும், அப்புறம் மாக்கரோனிக்குப் பண்ற மாதிரியே பண்ணிக்கோன்னு விட்டுட்டார். சீஸ்ங்கிற வார்த்தையே அதுல இல்ல. அதை எப்படிப் பண்றதுன்னு சமையல்கட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும், அவர் எழுத வேண்டிய அவசியம் இல்ல.

அந்தச் சமையல்கட்டுல இருந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெஃபர்சனோட அடிமை. 1784ல பாரிஸ் போகும்போது இவரையும் கூட்டிட்டுப் போய் பிரெஞ்சு சமையல் கத்துக்க வச்சார், ஹெமிங்ஸ் அங்கயே தலைமைச் சமையல்காரரா ஆனார். பிரான்ஸ் மண்ணுல இருந்த வரைக்கும் விடுதலை கேட்டு மனு போட அவருக்கு வழி இருந்துச்சு, ஆனா திரும்பி வந்தார். 1793ல ஜெஃபர்சன் ஒரு பத்திரம் எழுதிக் குடுத்தார், வேற ஒருத்தருக்கு நல்லா சமைக்கக் கத்துக் குடுத்தா உன்னை விடுதலை பண்றேன்னு. ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குச் சொல்லிக் குடுத்தார், 1796ல விடுதலை ஆனார். தன் விடுதலைக்கு விலையா தம்பியை அதே அடுப்படில நிக்க வச்சுட்டுப் போக வேண்டிய நிலமை, அதை நினைச்சா மனசு கனத்துப் போகுது. போறதுக்கு முன்னாடி, வர்ஜீனியால ஜெஃபர்சனோட வீடான மான்டிசெல்லோ சமையல்கட்டுல இருந்த பாத்திரங்களை எல்லாம் தன் கையால ஒரு லிஸ்ட் எழுதி வச்சார், அது இன்னும் இருக்கு.

இப்போ கொஞ்ச வருஷமா, மேக் அண்ட் சீஸைக் கண்டுபிடிச்சது ஜெஃபர்சன் இல்ல ஜேம்ஸ் ஹெமிங்ஸ்தான்னு நிறைய இடத்துல எழுதுறாங்க. அவருக்கு மரியாதை சேரணும்ங்கிற எண்ணம் எனக்கும் முழுசா உண்டு, அதுக்காகவே இதைச் சரியா சொல்லணும்னு நினைக்கிறேன். ஜெஃபர்சனோட மாக்கரோனி விருந்து பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிற பேர்போன சாட்சி 1802 பிப்ரவரி 6. அன்னைக்கு ஜனாதிபதி மாளிகைல சாப்பிட்ட மனாஸ்ஸே கட்லர்னு ஒரு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர், மாக்கரோனின்னு ஒரு பை (pie, மாவு ஓட்டுக்குள்ள பூரணம் வச்சு பேக் பண்றது) வந்துச்சு, உள்ள வெங்காயம் மாதிரி என்னமோ இருந்துச்சு, ருசி ரொம்பக் காட்டமா இருந்துச்சு, பிடிக்கலன்னு டைரில எழுதினார். பக்கத்துல இருந்த மெரிவெதர் லூயிஸ், அதான் பின்னாடி கிளார்க் கூட மேற்கே பயணம் போனாரே அவரேதான், அது வெங்காயம் இல்ல, இத்தாலியன் சாப்பாடு, மாவும் வெண்ணெயும்னு விளக்கம் சொல்லிருக்கார். ஆனா ஜேம்ஸ் ஹெமிங்ஸ் 1801லயே பால்டிமோர்ல இறந்து போயிட்டார். 1802ல அந்தச் சமையல்கட்டுக்குத் தலைவரா இருந்தவர் ஹோனோரே ஜூலியன்ங்கிற பிரெஞ்சுக்காரர். அதனால அந்தப் பை ஹெமிங்ஸ் பண்ணது இல்ல. அவர் கைப்பட எழுதின மாக்கரோனி ரெசிபியும் கிடைக்கல. பிரெஞ்சு முறைச் சமையல் வர்ஜீனியா அடுப்புகளுக்கு வந்த வழில அவர் ரொம்ப முக்கியமான ஆளு, தம்பி பீட்டரும் அப்படித்தான், அப்புறம் ஜூலியன்கிட்ட கத்துக்கிட்டு பிற்பாடு மான்டிசெல்லோல சமைச்ச ஈடித் ஃபாஸெட்டும் அப்படித்தான். கண்டுபிடிப்பாளர்னு ஒரு பட்டம் குடுக்காமலே இவ்வளவையும் சொல்லலாம்.

சாப்பாட்டுக் கதை எதைப் படிச்சாலும் நான் பாக்குறது மூணு விஷயம்தான், அந்த செய்முறை முதல்ல எப்போ அச்சுல வந்துச்சு, கதைல வர்ற ஆளு அந்தத் தேதில எங்க இருந்தார், அன்னைக்கு அடுப்புல நின்னு கிண்டினது யாரு. கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஜனாதிபதியா இருக்காது.

வர்ஜீனியா முறை: சாஸே இல்லாம

1824ல மேரி ராண்டால்ஃப்னு ஒருத்தவங்க ‘வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’னு புத்தகம் போட்டாங்க. இவங்க தம்பிதான் ஜெஃபர்சனோட மாப்பிள்ளை. ரிச்மண்ட்ல போர்டிங் ஹவுஸ் நடத்தினவங்க. புத்தகம் இவங்க பேர்ல வந்துச்சு, ஆனா அந்தக் காலத்து வர்ஜீனியால இப்படி வீடுகள்ல வேர்வை சிந்தி சமைச்சது அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள்தான், அதை மறந்துட்டு இந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடாது.

அதுல மாக்கரோனி குறிப்பு நாலே வரி. பாலும் தண்ணியும் கலந்து மாக்கரோனியை நல்லா மெத்துன்னு வேகவை, வடி, உப்புத் தூவு, பாத்திரத்துல ஒரு அடுக்கு போடு, அது மேல சீஸும் வெண்ணெயும், பொலெண்டாவுக்கு (சோள மாவுக் களி) பண்ண மாதிரியே. பொலெண்டா குறிப்பைத் திருப்பிப் பாத்தா, சீஸைத் துண்டு துண்டா நறுக்கி வச்சு, மேல அங்கங்க வெண்ணெய், இப்படி அடுக்கி அடுக்கி பாத்திரம் நிறைஞ்சதும் நல்ல சூடான அவன்ல இருபது முப்பது நிமிஷம்னு இருக்கு. மாவு இல்ல, சாஸ் இல்ல, முட்டையும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் மேக் அண்ட் சீஸ் கத்துக்கணும்னா இதை ஒரு தடவை பண்ணிப் பாக்கணும், சீஸ் எப்படி நடந்துக்கும்னு இதுல தெரியுற அளவுக்கு வேற எதுலயும் தெரியாது.

பண்றது இப்படி. 250 கிராம் மாக்கரோனி, அரை லிட்டர் பால், ஒரு லிட்டர் தண்ணி. பெரிய பாத்திரமா எடுங்க, பால் இருக்கிறதால கண்ணு வாங்குற நேரத்துல பொங்கும், மாவுச்சத்தும் சேர்ந்தா இன்னும் வேகமா பொங்கும், தீயை மிதமா வச்சு அடியைக் கிளறிக்கிட்டே இருக்கணும். இதுல முழுசாவே வேக விடுங்க, ஏன்னா பின்னாடி குடிக்கிறதுக்கு சாஸ் கிடையாது. 200 கிராம் செடாரை மெல்லிசா சீவிக்கோங்க, 40 கிராம் வெண்ணெய் துண்டாக்கிக்கோங்க. மூணு அடுக்கு, மேல சீஸும் வெண்ணெயும் முடிவா வரணும். வடிச்ச பால் தண்ணில அரை கப் ஓரமா ஊத்தினா காயாம இருக்கும், இது ராண்டால்ஃப் சொன்னது இல்ல, நான் சேர்க்கிறது. 200 டிகிரில இருபத்தஞ்சு நிமிஷம். வெளிய எடுக்கும்போது க்ரீமியா இருக்காது, இழுத்தா நூல் நூலா வரும், ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், அடியில கொஞ்சம் நெய் மாதிரி தேங்கும். அதுதான் அதோட குணம்.

அமெரிக்காவோட தெற்குப் பக்க கறுப்பினக் குடும்பங்கள்ல இந்த அடுக்கி பேக் பண்ற முறை அப்படியே வளர்ந்து, முட்டையும் பாலும் சேர்ந்து, கேக்கு மாதிரி வெட்டி எடுக்கிற அளவுக்கு கஸ்டர்டா மாறுச்சு. அடிமைத்தனம் ஒழிஞ்சப்புறம் பெரிய வீட்டு அடுப்புலேர்ந்து இது அவங்க சொந்த மேஜைக்கு வந்து, ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு, சர்ச் விருந்து, தேங்க்ஸ்கிவிங்னு முக்கியமான நாளோட ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் அந்தக் குடும்பங்கள்ல விருந்துன்னா, மேக் அண்ட் சீஸ் யார் பண்ணதுன்னு கேட்டுட்டுதான் தட்டுல போடுவாங்க, அந்தப் பொறுப்பு எல்லார் கைலயும் குடுக்கிறது கிடையாது. என்னைக் கேட்டா இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் சொல்லியே ஆகணும்னா இவங்களைத்தான் சொல்வேன், முதல்ல பண்ணாங்கன்னு இல்ல, இருநூறு வருஷமா விடாம பண்ணி இதை அமெரிக்கச் சாப்பாடா ஆக்கினாங்க.

கஸ்டர்ட் முறைக்கு அதே 250 கிராம் மாக்கரோனி, வெந்ததும் சூட்டோட 40 கிராம் வெண்ணெய் போட்டுப் புரட்டி கொஞ்சம் ஆற விடுங்க, கொதிக்கக் கொதிக்க இருந்தா முட்டை பொடிமாஸ் ஆயிடும். ரெண்டு முட்டை, 354 மில்லி எவாப்பரேட்டட் மில்க் ஒரு டின், கடுகுப் பொடி, மிளகு, பாப்ரிகா, உப்பு எல்லாம் அடிச்சுக் கலந்து வைங்க. சீஸ் 350 கிராம், அதுல மூணுல ரெண்டு பங்கை மாக்கரோனியோட கலந்து, ட்ரேல கொட்டி, முட்டைப் பாலை மேல ஊத்தி, மீதி சீஸைத் தூவி 175 டிகிரில முப்பதுலேர்ந்து முப்பத்தஞ்சு நிமிஷம். நடுவுல ஆட்டிப் பாத்தா லேசா தளும்பணும், திரவமா ஓடக்கூடாது. எவாப்பரேட்டட் மில்க் போடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, தண்ணி சுண்டி புரதம் அடர்த்தியா இருக்கிறதால சீஸ் அவ்வளவு சீக்கிரம் திரியாது. எடுத்ததும் கால் மணி நேரம் கட்டாயம் ஆற விடுங்க, இல்லன்னா வெட்ட வராது, கொழகொழன்னு சரியும்.

டப்பாக்குள்ள வந்த கதை

சுவிட்சர்லாந்துல 1911ல கெர்பர் கம்பெனில வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸோட சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கினா எண்ணெய் பிரியாம வழுவழுன்னு நிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. முன்னாடி சொன்னேனே, புரத வலையைக் கால்சியம் இறுக்கிப் பிடிக்குதுன்னு, சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கும், புரதம் தளர்ந்து கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்து வச்சுக்கும். அமெரிக்கால ஜேம்ஸ் கிராஃப்ட் 1916ல சீஸை உருக்கிப் பதப்படுத்துற தன்னோட ப்ராசஸ் சீஸ் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1937ல, பொருளாதாரப் பெரும் மந்தத்துல ஜனங்க கைல காசு இல்லாத நேரத்துல, கிராஃப்ட் டின்னர் டப்பா வந்துச்சு, 19 சென்ட், நாலு பேர் சாப்பிடலாம். அதுக்குக் காரணம் செயின்ட் லூயிஸ்ல ஒரு சேல்ஸ்மேன் மாக்கரோனி டப்பால கிராஃப்ட் சீஸ் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வித்ததுதான்னு ஒரு கதை சொல்றாங்க, இங்கயும் ஒரு ஆரம்பக் கதை பாருங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஒரு ரேஷன் கூப்பனுக்கு ரெண்டு டப்பா கிடைச்சதால கறி கிடைக்காத வீடுகள்ல இது நிரந்தரமா புகுந்துடுச்சு. 1981ல ரீகன் அரசாங்கம் கிடங்குல தேங்கிக் கிடந்த சீஸை அஞ்சு பவுண்டு கட்டியா ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமா குடுத்துச்சு, அதுவும் ப்ராசஸ் சீஸ், அழகா உருகும், அதை வச்சு மேக் அண்ட் சீஸ் பண்ணாத வீடு கம்மி.

இந்த சிட்ரேட் வித்தையை வீட்டுலயும் பண்ணலாம். 250 மில்லி பாலையோ தண்ணியையோ சூடாக்கி 10 கிராம் சோடியம் சிட்ரேட்டைக் கரைச்சு, லேசா கொதிக்கும்போது 280 கிராம் சீஸைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு விஸ்க் பண்ணுங்க, மாவே வேண்டாம், சீஸ் ருசி மாவால மங்காம பளிச்சுனு இருக்கும். சிட்ரேட் உப்புக் கரிக்கும், அதனால தனியா உப்பு போடுறதுக்கு முன்னாடி ருசி பாருங்க. சிட்ரேட் கையில இல்லன்னா வழக்கமான மாவு சாஸ்லயே ரெண்டு ஸ்லைஸ் அமெரிக்கன் சீஸ் கிழிச்சுப் போடுங்க, அதுலயே இந்த மாதிரி உப்பு இருக்கு, அதே வேலையைச் செய்யும்.

சொதப்பினா என்ன பண்றது

எண்ணெய் பிரிஞ்சு வந்துட்டா தீயை விட்டு இறக்கி, சூடான பால் ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்தி வேகமா அடிங்க, ஒரு அமெரிக்கன் சீஸ் ஸ்லைஸும் போட்டா பெரும்பாலும் சேர்ந்துக்கும். நறநறன்னு ஆயிட்டா அது அதிக சூட்டுல புரதம் சுருண்டது, முழுசா திரும்பாது, ஆனா சூட்டோட மிக்ஸில ஒரு சுத்து விட்டா சாப்பிடுற மாதிரி ஆகும். சப்புன்னு இருந்தா சீஸ் பத்தலன்னு இன்னும் கொட்டாதீங்க, முதல்ல உப்பு, அப்புறம் இன்னும் கொஞ்சம் கடுகுப் பொடி. பேக் பண்ணது வறண்டு போச்சுன்னா அன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த தடவை சாஸை நூறு மில்லி பால் கூட்டிப் பண்ணுங்க.

மீந்ததை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடணும், மூணு நாலு நாள் தாங்கும். ஆறினா இறுகிக் கல்லாயிடும், அது சாதாரணம்தான். சூடு பண்ணும்போது ஒரு கப் மேக் அண்ட் சீஸுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பால் தெளிச்சு, மூடி போட்டு சின்னத் தீல வைங்க, மைக்ரோவேவ்னா பாதி பவர்ல நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கிளறணும். கஸ்டர்ட் முறைல பண்ணது மீந்தா சூடு பண்ற விதமே வேற, அதைக் கட்டியா வெட்டி கொஞ்சம் வெண்ணெய் போட்ட தவால ரெண்டு பக்கமும் சிவக்க விட்டா, ஓரம் பூரா முறுகலாகி முதல் நாளை விட நல்லா இருக்கும்.